கல்லாறு ஒப்பந்தம்

தோழர் ராஜையனுக்கு அவர் மனைவி தாசம்மாள் இழைத்த அநீதிகளை வரிசை தவறாமல் சொல்லியாக வேண்டும். வரிசை தவறினால் வரலாறு தவறும் என்பது அவருடைய கொள்கை.

முதல் அநீதி 1986-இல் நடந்தது. கல்யாணம் முடிந்த நாலாம் நாள் நெய்யாற்றின்கரை பஸ் நிலையத்துக்கு எதிரே அவர் இரண்டேகால் மணி நேரம் பேசினார். வீட்டுக்கு வந்து, பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டார். பேச்சு ஒன்றேகால் மணி நேரத்திலேயே முடிந்துவிட்டது, நீங்கள்தான் முடிக்கவில்லை என்றாள்.

இரண்டாவது, 1991. செக்ரட்டேரியட் முன்னால் காலவரையற்ற உண்ணாவிரதம். ஒன்பதாம் நாள், மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் கறியும் தூக்குச்சட்டியில் வைத்து, மூடியில் பெயின்டால் அவர் பெயரை எழுதி, பஸ் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டாள். கண்டக்டர் பொறுப்பான மனிதர். பந்தலுக்கே வந்து பெயரை உரக்கப் படித்து ஒப்படைத்தார். ராஜையன் அதைத் தொடவில்லை. தூக்குச்சட்டி காலியாகத் திரும்பியதற்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

மூன்றாவது, 1998. மழையில் மாநாடு கலைந்து மூவாயிரம் நோட்டீஸ் மீந்துபோயிற்று. தாசம்மாள் அமரவிளையில் ஒரு மாவு மில் நடத்திவந்தாள். அந்த நோட்டீஸ் முழுவதும் மிளகாய்ப் பொடி மடிக்கப் போயிற்று. அவர் எழுதியதிலேயே அதிக வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த நோட்டீஸ் அதுதான் என்பது காயத்தை இன்னும் ஆழமாக்கியது.

நான்காவது, 2007. அந்த மில்லில் வேலை செய்த இரண்டு பெண்களுக்காக ராஜையன் ஒரு சங்கம் அமைத்தார். மில்லில் இயந்திரத்தைத் தொட்டு வேலை செய்யும் எவரும் உறுப்பினராகலாம் என்று விதி எழுதினார். தாசம்மாளும் இயந்திரத்தைத் தொட்டுத்தான் வேலை செய்தாள். தேர்தல் நடந்தது. அவள் போட்டியின்றித் தலைவரானாள். சங்கத்தின் முதல் கோரிக்கை, வேலை நேரத்தில் ராஜையன் மில் வாசலில் நிற்கக் கூடாது என்பது. நிர்வாகம் அதை அன்றைக்கே ஏற்றுக்கொண்டது.

ஐந்தாவது அநீதி ஒரு எஞ்சின். ஆறாவதுதான் இந்தக் கதை.

ராஜையனிடம் ஒரு ஜீப் உண்டு. முப்பது வருஷமாகக் கோளாம்பி ஸ்பீக்கர் கட்டி, பாறசாலை முதல் பாளையம் வரை அவர் குரலைச் சுமந்த வண்டி. போன வருஷம் அதன் பெட்ரோல் எஞ்சின் செத்துவிட்டது. அதே மழைக்காலத்தில் மில்லின் டெலிவரி வேன்மேல் அயினி மரம் விழுந்தது. வேன் அப்பளமாயிற்று, டீசல் எஞ்சினுக்கு ஒரு கீறல் இல்லை. பாலராமபுரத்து மெக்கானிக் ஜெயகுமார் வேனின் எஞ்சினை எடுத்து ஜீப்பில் பொருத்தினார். ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ராஜையன் பதினொரு மனுக்கள் எழுதினார். ஒரு மனு போதும் என்று அவர்கள் சொல்லியும் எழுதினார். ஆர்.சி.யில் புது எஞ்சின் நம்பர் ஏறியது.

எஞ்சினை இறக்கிவைத்த அன்று, மெக்கானிக்கும் சுமை தூக்க வந்த இரண்டு சுமட்டுக்காரர்களும் கேட்டுக்கொண்டிருக்கும்போதே தாசம்மாள் சொன்னாள்:

“வண்டி உங்களுக்க. எஞ்சின் எனக்க. ஓர்மை இருக்கட்டும்.”

அதுதான் ஐந்தாவது.

இனி விஷயத்துக்கு வருவோம். 1985-இல் கூரை ஓடு சுடும் ஓட்டுக் கம்பெனியில் மறியல் நடந்தது. பிணையில் வர மறுத்து, ராஜையன் உட்படப் பன்னிரண்டு பேர் சிறைக்குப் போனார்கள். ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளில் ராஜையன் ஒரு நோட்டீஸ் அச்சிடுவார். அதில் பதினொரு பெயர்கள் வீட்டுப் பெயரோடு இருக்கும். பன்னிரண்டாவதாக ‘மற்றும் ஒரு பெண்’ என்று இருக்கும்.

அந்தப் பெண் தாசம்மாள். அப்போது ஓடு சுமக்கிற வேலையில் இருந்தாள். மறியல் முடிந்த கையோடு முதல் நோட்டீஸ் எழுதும்போது ராஜையனுக்கு அவள் பெயர் தெரியாது. அடுத்த வருஷம் அவளையே கல்யாணம் செய்துகொண்டார். பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் நோட்டீஸின் வாசகம் அதற்குள் நிலைபெற்றுவிட்டது. அவள் வருஷம் தவறாமல் கேட்டாள். அச்சில் இடம் இல்லை என்று அவரும் வருஷம் தவறாமல் சொன்னார்.

இந்த ஆண்டு நாற்பதாம் ஆண்டு. நெய்யாற்றின்கரையிலிருந்து பாளையம் வரை வாகன ஊர்வலம். எல்லாவற்றுக்கும் முன்னால் ராஜையனின் ஜீப். அதில் நின்றபடி ராஜையன் பேசுவது. ஜீப் போகவில்லையென்றால் சாம்பசிவனின் லாரியில் ஏற வேண்டியிருக்கும். சாம்பசிவன் 1996-இல் அவர்களுடைய பழைய தொழிற்சங்கத்தை உடைத்தவர். அந்த லாரியில் ஏறுவதைவிட நடந்தே போகலாம். ஆனால் முழங்கால் ஒத்துழைக்காது.

சிக்கல் என்னவென்றால் ஜீப் கொதித்தது.

புது எஞ்சின் பழையதைவிட ஒரு சாண் நீளம். எஞ்சின் முகப்பில் சுழலும் ஃபேன் ரேடியேட்டரில் இடித்ததால் ஜெயகுமார் அதைக் கழற்றிவிட்டார். பதிலுக்கு ஒல்லியான இரண்டு எலெக்ட்ரிக் ஃபேன்களை ரேடியேட்டருக்குப் பின்னால், எஞ்சின் பக்கமாகப் பொருத்தினார். திங்கட்கிழமை வந்தால் வயரிங் செய்து தருவதாகச் சொன்னார். பின்னால் இருக்கிற ஃபேன் வெளிக்காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அது ஒன்றுதான் கவனம் என்றும் சொன்னார்.

ராஜையன் திங்கட்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. முப்பது வருஷம் மைக் செட்டுக்கு வயர் இழுத்த கை அது. பாட்டரியிலிருந்து ஃப்யூஸ், ஃப்யூஸிலிருந்து ரிலே, டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். எல்லாம் ஒழுங்காகவே செய்தார். ஒவ்வொரு ஃபேனிலிருந்தும் வந்த இரண்டு வயர்களும் கறுப்பு. எது பிளஸ், எது மைனஸ் என்று அவர் யோசிக்கவில்லை. கோளாம்பி ஸ்பீக்கரில் எந்த வயரை எதில் கொடுத்தாலும் கோஷம் முன்னால்தான் போகும். வயருக்குத் திசை கிடையாது என்று அந்த அனுபவத்தில் அவர் முடிவுசெய்திருந்தார். சுவிட்சைத் தட்டினார். இரண்டு ஃபேன்களும் உறுமிக்கொண்டு சுழன்றன. அவருக்குக் கண் கலங்கியது.

அன்றிலிருந்து ஜீப்புக்கு ஒரு விசித்திரக் குணம் வந்தது. முற்றத்தில் நின்றபடி எத்தனை நேரம் ஓடினாலும் டெம்பரேச்சர் முள் பாதிக்கு மேல் ஏறாது. ரோட்டில் இறங்கி நாலாவது கியர் போட்டால் ஏறும். பாலராமபுரம் தாண்டும்முன் ரேடியேட்டர் மூடி சீறும். ஓரமாக நிறுத்தி, ஃபேனைப் போட்டுவிட்டு ஒரு சாயா குடித்தால் முள் மெல்ல இறங்கிவிடும்.

இதை ராஜையன் பலவிதமாக ஆராய்ந்தார். டீசல் கம்பெனிகளின் லாபவெறி ஒரு காரணமாக இருக்கலாம். உழைப்புக்கு நடுவே ஓய்வு என்பது இயந்திரத்துக்கும் உள்ள உரிமையாக இருக்கலாம். பழைய தோழர் சத்தியநேசனைக் கூப்பிட்டுக் காட்டினார். சத்தியநேசன் பானெட்டுக்குள் வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“நம்ம சங்கம் மாதிரியாக்கும், சகாவே. நிக்கும்போ குளிருது. முன்னால நகர்ந்தா கொதிக்குது.”

தாசம்மாளும் கவனித்துக்கொண்டிருந்தாள். அவள் ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை. ஆடி மாதத்து மழையில் துணி காயாமல் நாறிக்கொண்டிருந்தது. ராஜையன் தினமும் காலையில் இருபது நிமிஷம் எஞ்சினை ஓட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் ஜீப்பின் மூக்குக்கு நேராகக் கொடி கட்டி அவருடைய வேட்டிகளைக் காயப்போட்டாள். வேட்டிகள் முன்னோக்கிப் பறந்தன. இருபது நிமிஷத்தில் சுடச்சுடக் காய்ந்தன.

முதல் நாளே அவரிடம் சொன்னாள், உங்களுடைய ஃபேன் நல்ல சூடான காற்றை முன்னால் தள்ளுகிறது என்று. ராஜையன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். மறுநாள், மில்லில் மோட்டார் திருப்பிச் சுற்றினால் எப்படி இருக்கும் தெரியுமா என்று தொடங்கினாள். மில் வேறு, ஜீப் வேறு என்று அவர் விளக்கினார். மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு ஜெயஷீலா டீச்சர் வேலிக்கு அப்பால் நிற்கும்போது, சத்தமாகவே சொன்னாள்:

“காத்து முன்னால போகுது. கேட்டியளா? முன்னால.”

“முன்னேறுவதுதான் நம்ம கொள்கை,” என்றார் ராஜையன்.

அதற்குப் பிறகு தாசம்மாள் அதைப் பற்றிப் பேசவில்லை. மூன்று முறை நோட்டீஸ் கொடுத்துவிட்டால் அதன்பின் நேரடி நடவடிக்கை என்பது ராஜையனே வகுத்த போராட்ட முறை.

ஊர்வலத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது நோட்டீஸின் புரூஃப் வந்தது. ராஜையன் அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்தார். தாசம்மாள் மீன் ஆய்ந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தாள்.

“நீங்க ஜீப்புல நிப்பியளாக்கும்.”

“ஆமா.”

“அப்போ ஓட்டுறது ஆரு?”

“நீதான். உன்னளவுக்கு வளைவு திருப்ப ஆரு உண்டு?”

“பேசுறது?”

“நான். பின்னே?”

“நானும் உள்ள கிடந்தவதானே. பதினாலு நாளு.”

“அது நாட்டுக்கே தெரியும்.”

“நோட்டீஸுல எனக்க பேரு?”

“இடம் இல்ல, தாசம்மா.”

அவள் புரூஃபைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் முழுவதும் வெறுமையாக இருந்தது. கொதிக்கிற வண்டியில் தான் ஸ்டியரிங் பிடிப்பதாக இல்லை என்று மட்டும் சொன்னாள். பொன்முடி மலை ஏறிக் காட்டட்டும். இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவு. கொதிக்காமல் ஏற்றினால் அவர் சொன்னபடியே அவள் ஓட்டுவாள். முடியாவிட்டால் தனக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும்.

ராஜையன் சிரித்தார். பேனாவை எடுத்தார். பேச்சுவார்த்தை என்றால் எழுத்தில் இருக்க வேண்டும். அன்று மாலைக்குள் நாலு ஷரத்துகள் கொண்ட கல்லாறு ஒப்பந்தம் தயாராயிற்று. கல்லாற்றுப் பாலத்திலிருந்து பொன்முடி உச்சி வரை, ஆளுக்கு ஒரு முறை. மூப்பின்படி ராஜையன் முதலில். தன் முறையில் ஒருவர் வண்டிக்கு என்ன ஏற்பாடும் செய்துகொள்ளலாம், அது என்ன என்று மற்றவர் கேட்கக் கூடாது. தன் வயரிங்கை அவள் குடையாமலிருக்க அவர் சேர்த்தது இது. ஜெயித்தவரே வண்டிப் பொறுப்பாளர். யார் ஓட்டுவது, யார் நிற்பது, நோட்டீஸில் என்ன இருப்பது என்று அவர் முடிவுசெய்வார். நாற்பது வருஷத் தகராறை ஒரேயடியாக முடித்துவிட இது நல்ல சந்தர்ப்பமாகப் பட்டது. கடைசி ஷரத்து, அந்த முடிவைத் தோற்றவர் சாட்சிகள் முன்னால் உரக்க வாசிக்க வேண்டும் என்றது. ‘உரக்க’ என்பதன் கீழே அவர் கோடு போட்டார். அதை அவள் வாசிப்பதை ஒரு தடவை கேட்க ஆசையாக இருந்தது.

தாசம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். ஒரு எழுத்தைக்கூட மாற்றச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டாள். சத்தியநேசனும் ஜெயஷீலா டீச்சரும் சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நாலு பேரும் கிளம்பினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நெடுமங்காடு தாண்டி விதுரா வரை ராஜையன் நாற்பதுக்கு மேல் போகவில்லை. முள் முக்காலில் நின்றது. மழையின் ஒத்துழைப்பை அவர் பாராட்டினார்.

கல்லாற்றுப் பாலத்தில் ஜீப்பை ஆறவிட்டு, எட்டரைக்கு ஏறத் தொடங்கினார். முதல் வளைவில் ஜெயஷீலா டீச்சர் உரக்க எண்ணினாள். நாலாவது வளைவில் முள் முக்காலைத் தாண்டியது. ஆறாவதில் ராஜையன் பேசுவதை நிறுத்தினார். அது எப்போதும் நல்ல அறிகுறி அல்ல. ஒன்பதாவது வளைவில் பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி வந்தது. மூடுபனியாக இருக்கலாம் என்றார். மூடுபனி விசில் அடித்தது.

நிறுத்தினார். ஃபேன் ஓடிக்கொண்டேயிருந்தது. கால் மணி நேரத்தில் முள் சாதுவாக இறங்கி வந்தது. கழக்கூட்டத்திலிருந்து காரில் வந்த நாலைந்து இளைஞர்கள் இறங்கி, மலையாளத்தில் உதவி வேண்டுமா என்று விசாரித்தார்கள். ராஜையன் அவர்களுக்கு வாகனத் தொழிலின் ஏகபோகத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் போய்விட்டார்கள். சத்தியநேசன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில் கொதிக்கவில்லை. மறுபடி கல்லாறு. ரேடியேட்டருக்குக் கடையிலிருந்து தண்ணீர் வாங்கி ஊற்றினார். தான் தோற்றதாக அவர் நினைக்கவில்லை. ஒன்பது வளைவு என்பது ஒரு சாதனை. ஓடு சுமந்த ஒருத்தி எட்டு வளைவுக்கு மேல் போய்விட முடியுமா?

தாசம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். பானெட்டைத் தூக்கினாள். மில்லில் கரண்ட் கம்பம் மாற்றும்போதெல்லாம் மோட்டார் திருப்பிச் சுற்றும். இரண்டு வயரை மாற்றிக் கொடுத்தால் சரியாகும். இருபத்தெட்டு வருஷமாக அவள் செய்கிற வேலை. ஒரு ஃபேனின் இரண்டு வயர்களைப் பிடுங்கி, இடம் மாற்றிச் செருகினாள். அடுத்ததையும் அப்படியே செய்தாள். ஒரு வாய் வெற்றிலை போடுகிற நேரம்தான்.

பிறகு ஜெயஷீலா டீச்சரின் கையிலிருந்த ஒப்பந்தத்தை வாங்கினாள். சுவிட்சைத் தட்டினாள். அந்தக் காகிதத்தை ஜீப்பின் மூக்குக்கு முன்னால் பிடித்து, கையை விட்டாள்.

காகிதம் கீழே விழவில்லை. பறக்கவும் இல்லை. கம்பித் தடுப்பில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. நாலு ஷரத்துகளும் இரண்டு கையெழுத்துகளும் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தன.

ராஜையன் அதையே பார்த்தார். வேட்டிகள் முன்னோக்கிப் பறந்தது அவர் நினைவுக்கு வந்தது. முன்னாலிருந்து காற்று வரும். பின்னாலிருந்து தன்னுடைய ஃபேன் அதை எதிர்த்துத் தள்ளியிருக்கிறது. இரண்டு மாதமாக, ஓட ஓட, தன் வண்டியோடு தானே மறியல் செய்திருக்கிறார். வாயைத் திறந்தார்.

“நீ இப்போ என்ன…”

“இரண்டாவது ஷரத்து, மாமா,” என்றாள் டீச்சர். “கேக்கக் கூடாது.”

அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார்.

தாசம்மாள் இரண்டாவது கியரிலேயே நிதானமாக ஏற்றினாள். ஹாரன் அடிக்கிற இடத்தில் அடித்தாள், வழி விடுகிற இடத்தில் விட்டாள். டீச்சர் எண்ணினாள். ஒன்பதாவது வளைவு வந்தபோது ராஜையன் முள்ளைப் பார்த்தார். பாதி. பதினைந்தாவதில் பாதி. தேயிலைத் தோட்டம் வந்தது, செக்போஸ்ட் வந்தது, இருபத்திரண்டாவது வளைவும் வந்து போயிற்று. முள்ளுக்கு எந்தப் போராட்ட உணர்வும் இல்லை.

உச்சியில் நிறுத்தினாள். இறங்கி, ஒரு சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து நோட்டீஸின் புரூஃபை எடுத்தாள். அதை அவள் கொண்டுவந்திருந்தது யாருக்கும் தெரியாது. மில்லில் மாவு டப்பாக்களின் மேல் பெயர் எழுதுகிற அதே உருண்டைக் கையெழுத்தில், பத்து நிமிஷம் அடித்தும் திருத்தியும் எழுதினாள். ராஜையனிடம் நீட்டினாள்.

சாட்சிகள் எதிரே வந்து நின்றார்கள். காரில் வந்த இளைஞர்களும் ஏதோ நடக்கிறது என்று வந்து நின்றார்கள். ராஜையன் தொண்டையைச் செருமினார். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மீறியவர் என்ற பெயர் தனக்கு வரக் கூடாது. வாசித்தார்.

“ஓட்டுக் கம்பெனி மறியல். நாற்பதாம் ஆண்டு ஊர்வலம். ஜீப் ஓட்டுபவர்…”

அங்கே நின்றார். காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

“இருக்கதை வாசியுங்க,” என்றாள் தாசம்மாள்.

“ஜீப் ஓட்டுபவர், மற்றும் ஒரு ஆண்.”

சத்தியநேசன் இருமினார். ராஜையன் குரலைத் தாழ்த்தி, தன் பெயரை அவ்விடத்தில் போட்டால் என்ன என்று மனைவியிடம் கேட்டார்.

“இடம் இல்ல.”

அவருக்கு அந்தப் பதில் பரிச்சயமானது. நாற்பது வருஷம் தானே சொல்லி வந்தபோது அது இவ்வளவு குட்டையான பதில் என்று தோன்றியதில்லை. மேலே வாசித்தார்.

“ஜீப்பில் நின்று உரையாற்றுபவர், கீழ்க்காணும் பட்டியலில் பன்னிரண்டாவது தோழர். பிணையில் வர மறுத்துச் சிறை சென்ற பன்னிரண்டு பேர்.”

பதினொரு பெயர்களையும் அவள் தொடவில்லை. நாலாவது அவருடையது. காகிதத்தைப் பார்க்காமலே, வீட்டுப் பெயரோடு, மூச்சு விடாமல் சொன்னார். பன்னிரண்டாவதுக்கு வந்தபோது பழக்கத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

“மற்றும் ஒரு…”

டீச்சர் விரலை நீட்டிக் காகிதத்தைக் காட்டினாள். அங்கே இருந்தது ஒரு சொல்தான். அதை அவர் வாசித்தார். காற்று அதை எங்கோ கொண்டுபோயிற்று.

தனக்குக் கேட்கவில்லை என்றார் சத்தியநேசன். பின்னால் நின்ற இளைஞர்களும் கேட்கவில்லை என்றார்கள். நாலாவது ஷரத்தில் ‘உரக்க’ என்பதன் கீழே கோடு போட்டிருப்பதை டீச்சர் நினைவுபடுத்தினாள்.

தோழர் ராஜையன் நேராக நிமிர்ந்து நின்றார். நாற்பது வருஷம் பஸ் நிலையங்களில் மைக் வேண்டாம் என்று பேசிய குரலை எடுத்தார்.

“பன்னிரண்டு,” என்றார். “தாசம்மாள்.”